பொட்டும் வலையும்

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம், கீழ உத்திர வீதி
துன்முகி வருஷம், மாசி மாதம்
14–2–1957

அன்புள்ள லூர்துவுக்குக் குமுதவல்லி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பொங்கலுக்கு நான் போட்ட கார்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. குன்னூர்க் குளிரில் விரல் விறைத்துப்போய்விட்டது என்று இந்தத் தடவையும் சாக்குச் சொல்லாதே. நீயும் நானும் காலேஜில் ஒரே மேஜையில் மூன்று வருஷம் விலங்கியல் படித்தவர்கள். உன் சாக்குகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாள் தள்ளி இரண்டு மாதம் ஆகிறது. அவருக்கும் மேலப்புதூர் டாக்டரம்மா வியாகுலம்மாளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இது மூன்றாவது. முதலாவது வந்த சுவடு தெரியாமல் போனது. இரண்டாவது எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். ஐந்தாம் மாதம், முந்தின வருஷம் கார்த்திகையில் நாலு நாள் ஜுரம், ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அது இன்ஃப்ளூயன்ஸா ஜுரம்தான், அதற்கு உங்கள் லேபரட்டரியில் ஊசி தயார் செய்கிறார்கள் என்று அப்போது எழுதியிருந்தாய். இப்போது அந்த ஊசி கிடைக்குமா? இன்னொரு தடவை அந்த மாதிரி ஆனால் நான் எழுந்திருக்க மாட்டேன், லூர்து. வீட்டில் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அதில் எங்களுக்கு ஆகாதது ஏதாவது உண்டா? போன வருஷம் உடம்பு தேற லிவர் எக்ஸ்ட்ராக்ட் ஊசி போடலாம் என்று ஒரு டாக்டர் சொன்னார். ஆட்டு ஈரலாம், மாட்டு ஈரலாம். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இந்த வீட்டில் தளிகை என் கையால்தான். நான் பண்ணியதைத்தான் மாமனார் பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணுவார், பிறகு தானும் சாப்பிடுவார். அதனால்தான் கேட்கிறேன். என்னைக் கேலி செய்யாதே. தவளையை அறுக்க மாட்டேன் என்று நான் அழுதபோது என்னுடையதையும் சேர்த்து நீதான் அறுத்தாய். உன் நோட்டிலும் நான்தான் படம் போட்டேன். அந்தக் கணக்கில் உன்னை நம்புகிறேன்.

இப்படிக்கு,
உன் படக்காரி,
குமுதா

மரியே வாழ்க

குன்னூர்
20–2–1957

என் அன்புக் குமுதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும். பொங்கல் கார்டுக்குப் பதில் போடாதது என் தப்புதான்.

ஊசி கிடைக்கும். பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டேன். என் அண்ணன் இருதயநாதன் இங்கே வந்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குத் திரும்புகிறான். தெர்மாஸில் ஐஸ் போட்டு அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நேராக வியாகுலம்மாளிடம் கொடுப்பான். நீ திங்கட்கிழமை போய்ப் போட்டுக்கொள். கை ஒரு நாள் வலிக்கும், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து உன் இரத்தம் கொஞ்சம் எடுத்து இங்கே அனுப்பச் சொல். ஊசி பிடித்ததா என்று நானே பார்ப்பேன். அது எப்படி என்று கேட்பாய், சொல்லிவிடுகிறேன். குழி குழியாக இருக்கும் ஒரு தட்டில் உன் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிவை விட்டு, அதில் வைரஸை விட்டு, அதன் மேல் சேவல் இரத்தத்தில் இரண்டு சொட்டு விடுவோம். உன் இரத்தம் வைரஸைப் பிடித்துக்கொண்டால் சேவலின் சிவப்பு அணுக்கள் குழியின் அடியில் குங்குமப் பொட்டு மாதிரி வந்து உட்காரும். பிடிக்காவிட்டால் குழி முழுக்க வலையாக விரிந்துவிடும். இந்த வைரஸ் வருஷத்துக்கு வருஷம் உருவம் மாறும். எந்த ஊசிக்கும் எந்த வைரஸுக்கும் ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். உங்கள் வீதியில் ஜாதகம் பார்ப்பவர் செய்யும் வேலைதான், எனக்குத் தட்சிணை மட்டும் கிடையாது.

நீ கேட்டதற்குப் பதில்: ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீரும் செத்த வைரஸும்தான். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் போட்டுக்கொள்.

மூன்றாவது தங்கும். தினமும் மாதாவிடம் கேட்கிறேன். நீ உன் ரங்கநாதரிடம் கேள். இரண்டு பேரும் பேசி முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
உன் தவளைக்காரி,
லூர்துராணி

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
ஹேவிளம்பி வருஷம், வைகாசி மாதம்
1–6–1957

அன்புள்ள லூர்துவுக்கு,

ஆறாவது மாதம். உள்ளே உதை வாங்கிக்கொண்டே எழுதுகிறேன். என் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, எல்லாக் குழியிலும் பொட்டு என்று மார்ச்சில் நீ போட்ட கார்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தினம் அரிசி எடுக்கும்போது அது கண்ணில் படும்.

இங்கே ஊரெல்லாம் ஜுரம். கப்பலில் மதராஸுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி இங்கே வந்துவிட்டதாம். பொன்மலை ரயில்வே ஆபீஸில் பாதிப் பேர் லீவு. அவரும் படுத்து மூன்று நாள் ஆகிறது. நெற்றியில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதிக்கிறது. எங்கள் ஸ்கூல் திறப்பதை இரண்டு வாரம் தள்ளிவைத்துவிட்டார்கள். எதிர் வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டதால் வாசல் தெளிக்க ஆள் இல்லை. வேடிக்கை என்னவென்றால், எழுபத்தெட்டு வயது மாமனாருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. வழக்கம்போலக் கோவிலுக்குப் போய்ப் பிரபந்தம் சேவித்துவிட்டு வருகிறார்.

இவருக்குப் பக்கத்திலேயே நான் இருக்கிறேன். கஞ்சி கொடுப்பது, ஈரத்துணி போடுவது, எச்சில் பாத்திரம் எடுப்பது எல்லாம் நான்தான். “வயித்துப் பிள்ளைக்காரி தள்ளி நில்லும்மா” என்று எதிர் வீட்டு மாமி ஜன்னல் வழியாகக் கத்துகிறாள். எனக்கு உன் ஊசி இருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இந்தத் தெருவிலேயே பயமில்லாமல் நடமாடுகிறவள் நான் ஒருத்திதான். எங்கள் ஸ்கூல் கணக்கு டீச்சர் அமலராணியிடம் மட்டும் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அவளுக்கு எட்டாம் மாதம். தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று உன்னைக் கேட்கச் சொன்னாள். கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் படக்காரி,
குமுதா

மரியே வாழ்க

குன்னூர்
3–6–1957

குமுதா,

தந்தி கிடைத்திருக்கும். “நோயாளிகளை விட்டு விலகியிரு, கடிதம் வருகிறது” என்று அதில் எழுதியதற்கு மேல் தந்தியில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கடிதம்தான் இது. உட்கார்ந்து படி.

மதராஸிலிருந்து நோயாளிகள் தொண்டை கொப்பளித்த நீர் ஐஸில் வைத்து எங்களுக்கு வந்தது. அதிலிருந்து வைரஸைப் பிரித்து வளர்த்தோம். இதுவரை எங்களிடம் இருந்த எந்த வைரஸோடும் அது ஒத்துப்போகவில்லை. சிங்கப்பூரில் கண்டுபிடித்ததும் இதுதானாம். எங்கள் ஊசி பழைய வைரஸ்களில் செய்தது. இதற்கு அது உதவுமா என்று பார்க்க, ஊசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தம் வேண்டும். பெட்டியைத் திறந்தேன். முதலில் கையில் வந்தது உன்னுடையது. உன் பெயரை நானே எழுதி ஒட்டிய சீசா.

மார்ச்சில் பார்த்தபோது எட்டுக் குழியிலும் அழகழகாகப் பொட்டு இருந்தது. இன்று காலை அதே இரத்தத்தைப் புது வைரஸோடு வைத்தேன். முதல் குழியிலேயே வலை. எட்டிலும் வலை. என் கைதான் தப்பு பண்ணியது என்று மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை வேறொருவரை வைக்கச் சொன்னேன். மூன்று தட்டும் ஒரே மாதிரிதான். உன் உடம்பில் இந்த வைரஸைத் தடுக்க ஒன்றுமே இல்லை, குமுதா. ஊசியே போடாதவளும் நீயும் இப்போது ஒன்றுதான்.

வீட்டில் யாருக்காவது ஜுரம் என்றால் அந்த அறைக்குள் போகாதே. தனி அறை, தனிப் பாத்திரம், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஸ்கூலுக்குப் போகாதே. கோவிலுக்கும் போகாதே. சொன்னதைச் செய். சிங்கப்பூரிலிருந்து ஒரு அறிக்கை வந்திருக்கிறது, அதில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பற்றி ஒரு பாரா இருக்கிறது. அதை உனக்கு எழுத மாட்டேன்.

நீ இருக்கும் இடத்தில் உனக்குக் காவல் இருக்கிறது என்று சொல்லி நான் தூங்கவைத்துவிட்டேன். உடனே ஒரு வரி எழுது. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுது.

உன் லூர்து

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
10–6–1957

லூர்து,

நன்றாக இருக்கிறேன். நீ கேட்ட வரியை முதலில் எழுதிவிட்டேன்.

தந்திக்காரன் வாசலில் மணியடித்ததும் மாமனார் எழுந்து, “யாருக்கு என்ன ஆயிடுத்து? ஸ்நானம் பண்ணணுமா?” என்று கேட்டுக்கொண்டே கிணற்றடிக்குப் போய்விட்டார். எங்களுக்குத் தந்தி என்றால் சாவுதான். வாசித்துச் சொன்ன பிறகும் அவர் நம்பவில்லை. அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது. உன் கடிதம் வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஆறு நாள் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து கஞ்சி ஊட்டியிருக்கிறேன். அவருடைய இருமலெல்லாம் என் மேல்தான். இப்போது மாடி அறையில் இருக்கிறேன். மாமனார் தானே சமைத்து, மூச்சு வாங்க ஏறிவந்து, தட்டைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார். சாதம் குழைந்துவிடுகிறது, சாத்தமுதில் உப்பு இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுகிறேன். அவருக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

தினமும் நாலு தடவை தொண்டையை விழுங்கிப் பார்க்கிறேன். கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்க்கிறேன், சுவர் குளிர்ச்சியாக இருக்கிறதா, நான் சூடாக இருக்கிறேனா என்று தெரியவில்லை. குழந்தை ஒரு மணி நேரம் அசையாவிட்டால் வயிற்றைத் தட்டி எழுப்புகிறேன்.

அமலராணி வெள்ளிக்கிழமை போய்விட்டாள். மூன்றே நாள் ஜுரம். மூச்சு விட முடியாமல் உதடு நீலம் பாரித்துப் போனாளாம். குழந்தையையும் எடுக்க முடியவில்லை. இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் வைத்தார்கள் என்று ஸ்கூல் ஆயா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நீ எழுத மாட்டேன் என்று சொன்ன பாராவை நான் படித்துவிட்டேன். டீச்சர்கள் அறையில் அவள் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்காருவாள், லூர்து. அவளிடம் போய் எனக்கு ஊசி இருக்கிறது என்று பீற்றினேனே.

இந்தப் புது வைரஸுக்குப் புது ஊசி வருமா? வந்தால் எனக்கு அனுப்பு. மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

குமுதா

மரியே வாழ்க

குன்னூர்
8–7–1957

குமுதா,

உன் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். நடுவில் நானும் படுத்துவிட்டேன், பத்து நாள். இந்த ஜுரம் எப்படியிருக்கும் என்று இப்போது எனக்கு எலும்புக்கு எலும்பு தெரியும். நீ அதில் மாட்டக்கூடாது.

புது ஊசி தயாராகிவிட்டது. முதலில் செய்தது கொஞ்சம்தான், ஊழியர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். எனக்கு ஜுரம் வந்துபோனதால் இனி தேவையில்லை. என் பங்கை உனக்கு அனுப்பலாம் என்று பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தை நேற்றுத் தட்டில் வைத்தேன். பொட்டு, குமுதா. இந்த ஊசி அந்த வைரஸைப் பிடிக்கிறது. வெள்ளிக்கிழமை அண்ணன் தெர்மாஸோடு வியாகுலம்மாளிடம் வருவான்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தேன். இதோடு மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பிப்ரவரியில் நீ கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அது பொய். இந்த வைரஸ் உயிருள்ளதில்தான் வளரும். நாங்கள் முட்டையில் வளர்க்கிறோம். வெறும் முட்டை என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய்யாகும். பத்து நாள் அடைகாத்த முட்டை. விளக்குக்கு முன்னால் பிடித்தால் சிவப்பு நூல் மாதிரி நரம்பு ஓடுவதும் உள்ளே ஒன்று அசைவதும் தெரியும். அசைகிறதா என்று பார்ப்பதே என் வேலைதான். ஓட்டில் துளை போட்டு வைரஸை விடுவோம், இரண்டு நாள் கழித்துக் குளிரில் வைத்து உள்ளிருக்கும் நீரை எடுப்போம். அதிலிருந்துதான் ஊசி. போன தடவை உன் கையில் போனதும் அதுதான், இப்போது வருவதும் அதுதான்.

லிவர் ஊசியை வேண்டாம் என்று சொன்னவள் இதையும் வேண்டாம் என்று சொல்வாய் என்று நினைத்தேன். அந்தக் கார்த்திகை மறுபடி வரக்கூடாது என்று நினைத்தேன். பாவம் என்றால் அது என்னோடு போகட்டும் என்றும் நினைத்தேன். சனிக்கிழமை கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எங்கள் சாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, “இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு” என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டார்.

இப்போது உண்மையைச் சொல்லி நீ ஊசியை மறுத்தால், அமலராணிக்கு ஆனது உனக்கு ஆகலாம். சொல்லாமல் விட்டிருந்தால் நீ போட்டுக்கொண்டிருப்பாய். இது தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன், போட்டுக்கொள்.

லூர்து

மரியே வாழ்க

குன்னூர்
17–7–1957

குமுதா,

வெள்ளிக்கிழமையே தெர்மாஸ் வந்துவிட்டதாக அண்ணன் தந்தி கொடுத்தான். நீ வரவில்லை என்று நேற்று இன்னொரு தந்தி. வியாகுலம்மாள் பக்கத்து ஐஸ் பாக்டரியிலிருந்து தினமும் ஐஸ் வாங்கி மாற்றுகிறாராம். ஐஸ் இருக்கும்வரை அந்த மருந்தும் இருக்கும்.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. என் முகத்தில் விழிக்க வேண்டாம். ஊசியை மட்டும் போட்டுக்கொள். இல்லையென்றால் வேண்டாம் என்றாவது எழுது. இங்கே தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் கேட்டில் போய் நிற்கிறேன், எல்லோரும் பார்க்கிறார்கள்.

உனக்கு ஜுரமா? அதையாவது யாரையாவது எழுதச் சொல்.

லூர்து

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
ஹேவிளம்பி வருஷம், ஆடி மாதம்
24–7–1957

சகோதரி லூர்துராணி அவர்களுக்கு,

எனக்கு ஜுரம் இல்லை. சனிக்கிழமை மேலப்புதூர் போய் ஊசி போட்டுக்கொண்டேன். கை ஒரு நாள் வலித்தது.

அதற்கு முன்னால் எட்டு நாள் மாடியில் உட்கார்ந்து யோசித்தேன். அவரிடம் கேட்கவில்லை, மாமனாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். உள்ளே அசைந்துகொண்டிருப்பதையும், விளக்கு வெளிச்சத்தில் அசைந்தது என்று நீங்கள் எழுதியதையும் சேர்த்தே நினைத்துப் பார்த்தேன். இரண்டும் உயிர்தான். என்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு உண்டானதைப் பெருமாளிடம் நானே அனுபவித்துக்கொள்கிறேன். உங்கள் பங்குக்கு நீங்கள் சுமக்க வேண்டாம்.

பிப்ரவரியில் கேட்டபோதே நீங்கள் உள்ளதைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருவேளை அழுதுவிட்டுப் போட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கார்த்திகையில் இரத்தத்தில் கிடந்தவள் நான்தான். நீங்கள் என்னைக் கேட்கவே இல்லை. மாசியிலிருந்து வைகாசி வரை அந்தக் கையால் தளிகை பண்ணிப் பெருமாளுக்கு வைத்தேன், கிழவருக்குப் பரிமாறினேன். ஒன்றும் அறியாத அவர் தினமும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பலனும் கிடைக்கவில்லை. ஊசி வேறு வைரஸுக்கானது.

வைரஸ் மாறியது உங்கள் தப்பில்லை. அது யாருக்கும் தெரியாது. அதில் உங்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. காலேஜில் என் தவளையை நீங்கள் அறுத்தபோது நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கும் பங்கு இருந்தது. இந்த முறை என் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு அறுத்தீர்கள்.

இன்னும் மாமனார்தான் சமைக்கிறார். உடம்பு முடியவில்லை என்று சொல்லி நான் சமையலறைப் பக்கம் போவதில்லை. காரணம் அவருக்குத் தெரியாது. இப்போது நானும் உங்களைப் போல ஒருவரிடம் மறைக்கிறேன். கோபம் அதனால்தான் ஆறவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் படிப்பேன், படித்தால் மனது இளகிவிடும், அது இப்போது எனக்கு வேண்டாம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு. இந்த வைரஸ் மறுபடி மாறி, இப்போது போட்டுக்கொண்டதும் உதவாது என்று ஆனால், அன்றைக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதை நான் உங்களிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
சௌ. குமுதவல்லி

மரியே வாழ்க

குன்னூர்
26–9–1968

அன்புள்ள குமுதவல்லிக்கு,

வைரஸ் மாறிவிட்டது.

இந்த முறை ஹாங்காங்கில் ஆரம்பித்திருக்கிறது. மதராஸுக்கு வந்துவிட்டது, அங்கிருந்து வந்த கொப்பளித்த நீரில் நேற்று நானே பார்த்தேன். ஐம்பத்தேழில் ஊசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தம், நடுவில் அந்த ஜுரம் வந்து போனவர்களின் இரத்தம், எதை வைத்தாலும் வலைதான். இந்தப் பதினொரு வருஷமும் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வருஷமும் முடிவு வந்ததும் உனக்கு எழுத வேண்டிய அளவுக்கு மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். மாறியிருக்காது. ஊருக்கு அது நல்ல செய்தி என்று தெரியும். ஆனாலும் பேனாவை மூடி வைக்கும்போது எனக்கு அழுகை வரும்.

இதற்கான ஊசி இன்னும் கையில் இல்லை. ஆறு வாரமாவது ஆகும். நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: இதுவும் பத்து நாள் அடைகாத்த முட்டையில் வளர்ப்பதுதான். வேறு வழி இன்னும் வரவில்லை. வந்தால் அதையும் எழுதுவேன்.

அந்த ஆவணியில் உனக்குப் பெண் பிறந்தது என்று வியாகுலம்மாள் சொல்லி அண்ணன் எழுதினான். சுகமாகப் பிறந்தாள், நீயும் நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் அதில் இருந்தது. பெயர்கூட எனக்குத் தெரியாது. அவளுக்கு இப்போது பதினொரு வயது. அவள் உடம்பில் எந்த வைரஸுக்குக் காவல் இருக்கிறது, எதற்கு இல்லை என்று நேற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நினைத்தேன். எனக்கு மறுபடி பழைய பயம் வந்துவிட்டது, குமுதா. அவளைக் கூட்டத்துக்கு அனுப்பாதே. நீ போகாதே.

நீ சொன்னபடி எழுதிவிட்டேன். பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

லூர்துராணி

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம், கீழ உத்திர வீதி
கீலக வருஷம், புரட்டாசி மாதம்
3–10–1968

லூர்து,

பெயர் வகுளா. என் மாதிரி இல்லை. செம்பருத்தியைக்கூட பிளேடால் பிளந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெருமாளுக்கு வேறு பூப் பறிக்கிறாள். அப்பா உதை கொடுப்பார் என்று பயமுறுத்திப் பார்த்தாயிற்று.

மாமனார் போய் ஆறு வருஷம் ஆகிறது. கடைசி வருஷம் அவரிடம் சொல்லிவிட்டேன். “நான் சமைச்சது நன்னா இருந்துதா?” என்று மட்டும் கேட்டார். நன்றாக இருந்தது என்று பொய் சொன்னேன். உன்னிடம் யோக்கியம் பேசியவள் இப்படி.

உன் கடிதத்தை வகுளாவுக்குப் படித்துக் காட்டினேன். முட்டை, நரம்பு, அசைவது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். போட்டுக்கொள்வதா வேண்டாமா, நீயே யோசித்துச் சொல் என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இன்று காலை ஸ்கூலுக்குக் கிளம்புகிறபோது வாசலில் நின்று, “போட்டுக்கறேம்மா. ஆனா அந்த மாமி அந்த முட்டையை எனக்குக் காட்டணும்” என்றாள். நானும் போட்டுக்கொள்கிறேன். அவரும் போட்டுக்கொள்வார், அவருக்கும் சொல்லிவிட்டேன்.

எதிர் வீட்டில் நேற்றிலிருந்து இருமல். இன்று வகுளாவை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுத்தான் கூட்டத்துக்கு அனுப்பாதே என்று நீ எழுதிய வரியை மறுபடி படித்தேன். ஓடிப்போய் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மாடி அறையைக் கழுவிவிட்டிருக்கிறேன். கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்க்கிறேன். எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

ஊசி தயாரானால் அண்ணா கையில் கொடுத்தனுப்பாதே. நீயே கொண்டு வா. ஆறு வாரம் என்று எழுதியிருக்கிறாய். அதுவரைக்கும் எனக்குத் தாங்காது, ஊசி இல்லாவிட்டால் பரவாயில்லை, இப்போதே புறப்பட்டு வா. பயமாக இருக்கிறது.

உன் படக்காரி,
குமுதா